வராத புயலுக்கு நான் கட்டிய கூலி

2024 கார்த்திகை மாசம், ஃபெஞ்சல் புயல் வருது வருதுன்னு டிவியில் சொல்லிக்கொண்டிருந்த நேரம், என் வயல் ஓரத்தில் நிற்கும் பதினோரு தென்னை மரத்துக்கும் ஆள் விட்டுக் கீழ்மட்டை எல்லாவற்றையும் வெட்டினேன். உச்சியில் பத்துப் பன்னிரண்டு மட்டை மட்டும் விட்டுவிட்டு மீதியைக் காயோடு, குரும்பையோடு இறக்கியாச்சு. புயல் எங்களைத் தொடாமல் வடக்கே போய், நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கம் கரையேறியது. எங்களுக்கு மழைதான் கொட்டியது, காற்று இல்லை.

மறுநாள் டீக்கடையில் ஒரே சிரிப்பு. "மாமா, உன் மரத்தைப் பார்த்தா பூ வச்ச குச்சி மாதிரி இருக்கு" என்றான் ஒரு பையன். நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டபோது சிரிப்பு வரவில்லை. மரம் ஏறின ஆளுக்கு மரத்துக்கு 150 ரூபாய், பதினொன்றுக்கு 1,650. கீழ்மட்டையை எடுத்தால் குலைக்குத் தாங்கல் போய்விடும், மரத்துக்குச் சாப்பாடும் குறையும். அடுத்த ஒரு வருஷத்தில் மரத்துக்கு முப்பது காய் குறைந்தது என்று வைத்தால் 330 காய். 2025 பார்த்துத் தேங்காய் விலை என்றும் இல்லாத அளவுக்கு ஏறிவிட்டது, நீங்கள் சட்னி அரைக்கும்போதே கவனித்திருப்பீர்கள். தோட்டத்தில் காய்க்கு 20 ரூபாய் என்று போட்டாலும் 6,600 போச்சு. ஆக வராத ஒரு புயலுக்கு நான் கொடுத்தது 8,250 ரூபாய்.

இதைப் புலம்பலாகச் சொல்லவில்லை. புயலுக்குத் தயாராவது என்றால் நகரத்தில் இருக்கும் உங்களுக்கு ஒரு படம் மனசில் வரும். பால் பாக்கெட், மெழுகுவத்தி, போன் சார்ஜ், இன்வெர்ட்டர், குழந்தைக்கு மருந்து. இதெல்லாம் வேண்டியதுதான். புயல் வராவிட்டாலும் மெழுகுவத்தி வீணாகாது, பாலைக் காய்ச்சிக் குடித்துவிடலாம். எங்கள் தயாரிப்பு அப்படி இல்லை. எங்களுக்குத் தயாராவதே ஒரு நஷ்டம். புயல் வந்தால் அந்த நஷ்டம் லாபமாகும், வராவிட்டால் நஷ்டம் நஷ்டம்தான். இதைப் புரிந்துகொள்ளாமல் "இவ்வளவு முன்னாடியே எச்சரிக்கை கொடுத்தும் இந்த ஜனங்க ஏன் எதுவும் செய்யறதில்லை?" என்று கேட்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் வேதாரண்யத்துக்கு வடக்கே, கடலுக்கு மூன்று கிலோமீட்டர். மணல் பாங்கான மண். கொஞ்சம் மல்லிகை, கொஞ்சம் மா, தென்னை, தாழ்ந்த பக்கம் ஒன்றரை ஏக்கர் நெல். ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை என்பதால் பாதிப் பேர் மழையை நம்பி நேரடி விதைப்புதான். எங்கள் வருஷத்து மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில்தான். அதைக் கொண்டுவருவது வங்காள விரிகுடாவில் உருவாகும் தாழ்வுகள்தான். அதனால் "கடலில் ஒண்ணும் உருவாகக் கூடாது சாமி" என்று நாங்கள் வேண்டிக்கொள்ள முடியாது. ஒன்றுமே உருவாகாவிட்டால் குளம் நிரம்பாது, பயிர் காய்ந்துபோகும். மழையாக வந்து புயலாக வராமல் இருக்கணும். அந்த நூல் அளவு வித்தியாசத்தில்தான் இந்தக் கரையில் பிழைப்பு ஓடுது.

2018-இல் கஜா வந்தது. தீபாவளி முடிந்து பத்து நாள். ஐப்பசி முடிந்து கார்த்திகை பிறக்கப் போகிற நேரம். அப்போது எனக்கு 62 தென்னை. எல்லாம் அப்பா வைத்தது. எங்கள் பக்கம் கன்றைத் தென்னம்பிள்ளை என்றுதான் சொல்வோம். பிள்ளை வைத்தான், பிள்ளை பிடித்துவிட்டது, பிள்ளை பாளை விட்டது என்றுதான் பேச்சு.

புயல் எங்கே கரையேறும் என்பது அந்த ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெற்கே இறங்கிக்கொண்டே வந்தது. முதலில் வடக்கே என்றார்கள், அப்புறம் கடலூர் என்றார்கள், பிறகு நாகை என்றார்கள். 15-ஆம் தேதி காலையில் என் பெரியப்பா, அப்போதே எழுபதைத் தாண்டியவர், அறுவாளோடு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து அவருடைய முப்பது மரத்திலும் மட்டையை இறக்கிக்கொண்டிருந்தார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். "என்ன பெரியப்பா, காய் முத்தறதுக்குள்ள இப்படிச் செய்யுறீங்களே?"

"காத்துக்குப் பிடிமானம் இல்லாம பண்ணுறேன்டா. தலை கனமா இருந்தா மரம் நிக்காது. எழுபத்தேழுல பார்த்தவன் நான்" என்றார். 1977 நவம்பரில் நாகப்பட்டினம் பக்கம் அடித்த புயலைச் சொன்னார். "நீயும் ஆளைக் கூப்பிடு."

நான் கூப்பிடவில்லை. எனக்கு அடுத்த வெட்டுக்குப் பத்து நாள்தான் இருந்தது. நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு வெட்டு. வியாபாரியிடம் முன்பணம் வாங்கியாச்சு, அந்தப் பணம் மகள் கல்லூரிக்குப் போயாச்சு. காயைப் பிஞ்சில் இறக்கினால் அவருக்கு என்ன பதில் சொல்வது? அதற்கு முன்னால் எத்தனை புயலை "இதோ நாகைக்கு" என்று சொல்லி அது வேறு எங்கோ போனதைப் பார்த்தாச்சு. இதுவும் போகும் என்று நினைத்தேன். அறிவில்லாமல் நினைக்கவில்லை. கணக்குப் போட்டுத்தான் நினைத்தேன். கணக்கு தப்பாகிவிட்டது.

அன்றைக்கு ராத்திரி தம்பி வீட்டில், தளம் போட்ட வீடு, எல்லோரும் போய் உட்கார்ந்தோம். முகாமுக்குக் கூப்பிட்டார்கள், அம்மா வரமாட்டேன் என்றுவிட்டார். "பசுவையும் கன்னையும் எங்க கட்டுறது? அதுங்களுக்கு முகாம்ல இடம் இருக்கா?" இல்லை. அதனால் தம்பி வீடு. நடு ராத்திரிக்கு மேல் வடக்கேயிருந்து காற்று. அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. ஓடு பறக்கிற சத்தம், மரம் முறிகிற சத்தம், இரண்டுக்கும் நடுவில் ஒரு ஊளை. அப்புறம் திடீரென்று நின்றது. வானத்தில் ஓட்டை விழுந்த மாதிரி ஒரு அமைதி. நான் மாட்டைப் பார்க்க வெளியே ஓடினேன். பெரியப்பா ஜன்னல் வழியாகக் கத்தினார். "போகாதடா, இது கண்ணு. இன்னும் தென்காத்து பாக்கி இருக்கு!"

நான் கொட்டகையைப் பாதி தூரம் நெருங்கும்போதே தெற்கேயிருந்து காற்று திரும்பிவிட்டது. தெற்கே சாய்க்கப் பார்த்த மரத்தை அது இந்தப் பக்கம் இழுத்தது. தவழ்ந்துதான் வீட்டுக்குத் திரும்பினேன். படிக்கிற நகரத்துப் பிள்ளைகளுக்கு இதை ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன். புயலின் நடுப்பகுதி உங்கள் தலைக்கு மேலே கடந்தால், நடுவில் ஒரு அமைதி வரும். அது முடிவு இல்லை. காற்று எதிர்த் திசையிலிருந்து, முன்னைவிட மோசமாகவும் வரலாம். அரசு அறிவிப்பு வரும் வரைக்கும் வெளியே வராதீர்கள்.

விடிந்தபோது 62 மரத்தில் 11 நின்றது. கொட்டகைச் சுவர் விழுந்து கன்றுக்குட்டி செத்துக் கிடந்தது. கயிற்றை அவிழ்த்து விட்டிருந்தால் தாய்ப்பசு மாதிரி அதுவும் ஓடிப் பிழைத்திருக்கும். கட்டி வைத்தது நான்தான். பெரியப்பாவின் முப்பதில் விழுந்தது ஐந்து. இரண்டு தோப்புக்கும் நடுவில் ஒரு வேலிதான், அதே காற்றுதான்.

எல்லா இடத்திலும் மட்டை வெட்டினால் மரம் நின்றுவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. மண், மரத்தின் வயசு, வேர், காற்றின் திசை எல்லாம் இருக்கு. பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தோப்புத் தோப்பாகப் படுத்தது. அதிராம்பட்டினத்தில் காற்று மணிக்கு 165 கிலோமீட்டரைத் தொட்டதாகப் பதிவு. அந்த வேகத்துக்கு முன்னால் நம் கெட்டிக்காரத்தனம் ஓரளவுக்குத்தான். ஒரு லட்சத்துக்கும் மேலே மின்கம்பம் சாய்ந்தது. கோடியக்கரை காட்டில் மான்களும் குதிரைகளும் செத்து ஒதுங்கின. உப்பளத்தில் கடல் சேறு வந்து படிந்தது. ஆனாலும் பாதி பிழைத்தாலும் பாதிதானே. அந்தப் பாதியை நான் கைவிட்டேன்.

அப்புறம் நிவாரணம் வந்தது. குறை சொல்லவில்லை, வந்தது. விழுந்த தென்னைக்கு 600, அதை வெட்டி அப்புறப்படுத்த 500, ஆக மரத்துக்கு 1,100. எனக்கு 51 மரத்துக்கு 56,100 ரூபாய். ஒரு மரம் வருஷத்துக்கு 80 காய், அன்றைய விலையில் காய் 10 ரூபாய் என்றால் 51 மரம் வருஷத்துக்கு 40,800 கொடுத்துக்கொண்டிருந்தது. அதாவது ஒன்றரை வருஷ வருமானம்கூட இல்லை. விழுந்த மரத்தை அறுத்து, அடிக்கட்டையைத் தோண்டி எடுக்கவே பாதி போய்விட்டது. 2019 ஆடியில் 45 பிள்ளை வைத்தேன். ஆறு வருஷம் ஆச்சு. இந்த வருஷம்தான் முதல் பாளை தலை காட்டுகிறது.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். செத்த மரத்துக்கு 1,100 கொடுக்க ஒரு ஏற்பாடு இருக்கு. சாகாமல் காப்பாற்றப் பார்த்தவனுக்கு 150 ரூபாய் ஏறுகூலி கொடுக்க ஒரு ஏற்பாடும் இல்லை. புயல் வருவதற்கு முந்தின நாள் வரைக்கும் எல்லாச் செலவும் விவசாயி தலையில். புயல் வந்த மறுநாளிலிருந்துதான் அது எல்லோருடைய துக்கம். இப்படி இருந்தால் மனுஷன் என்ன செய்வான்? ஒன்றும் செய்யாமல் சாமியைக் கும்பிட்டுக்கொண்டு இருப்பான். அது சோம்பேறித்தனம் இல்லை, கணக்கு.

தாம்பரத்தில் வேலை பார்க்கிற என் மகனிடம் இதைச் சொன்னேன். அவன் படித்தவன், உடனே கேட்டான். "அப்பா, வராத புயலுக்கெல்லாம் அரசாங்கம் காசு கொடுத்தா கஜானா தாங்குமா? வருஷத்துக்கு நாலு எச்சரிக்கை வருது. எல்லாரும் மட்டை வெட்டிட்டு பில் கொண்டு வருவாங்க."

நியாயமான கேள்விதான். ரெண்டு நாள் யோசித்தேன். நான் காய்க்கு நஷ்ட ஈடு கேட்கவில்லை. அது என் பங்கு, என் மரம், நான் தாங்குகிறேன். ஏறுகூலியில் ஒரு பகுதிதான் கேட்கிறேன். அதுவும் கடலில் ஒரு தாழ்வு தெரிந்த உடனே இல்லை. வானிலைத் துறை படிப்படியாகத்தான் சொல்கிறது. ஏறக்குறைய 72 மணி நேரத்துக்கு முன்னால் ஒரு முன்னறிவிப்பு, 48 மணி நேரத்துக்கு முன்னால் ஒன்று, 24 மணி நேரத்துக்கு முன்னால் எச்சரிக்கை, அப்புறம் கரையேறுவதற்கு 12 மணி நேரம் இருக்கும்போது ஒன்று. நம்ம மாவட்டம் பேர் சொல்லி, பலத்த காற்று என்று அந்த 48 மணி எச்சரிக்கை வரும்போது மட்டும் கொடுத்தால் போதும். அப்படி எங்கள் மாவட்டத்துக்கு வருஷாவருஷமா வருகிறது? தீயணைப்பு வண்டி, தீப்பிடிக்காத நாளிலும் டீசல் போட்டு, ஆளுக்குச் சம்பளம் கொடுத்து நிற்கத்தானே செய்கிறது. "போன மாசம் எங்கும் தீப்பிடிக்கல, சம்பளத்தைப் பிடி" என்று யாராவது சொல்கிறோமா?

பணத்தைவிடப் பெரிய பிரச்சினை ஆள். எச்சரிக்கை வந்த அன்றைக்கு ஊருக்கே மரம் ஏற மூன்று பேர்தான் இருக்கிறார்கள். போன வருஷம் என் பதினோரு மரத்துக்கே அரை நாள் காத்திருந்தேன். பயிற்சி கொடுத்து, ஏறும் கருவி கொடுத்து, காப்பீடு செய்து ஒவ்வொரு ஊராட்சியிலும் பத்துப் பேர் பட்டியல் இருந்தால், புயலுக்கு முந்தின ரெண்டு நாளில் வீட்டு மேலே சாய்கிற மரத்தையும், மின்கம்பி மேலே விழுகிற கிளையையும் கழித்துவிடலாம். புயல் முடிந்த பிறகு பாதையை மறிக்கும் மரத்தை அறுக்கவும் அதே ஆட்கள்தான் வேண்டும். கஜாவுக்குப் பிறகு எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர வாரக்கணக்கு ஆச்சு. குடிதண்ணீர்த் தொட்டிக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்து ஏற்றினோம்.

இன்னொன்று, காப்பீடு. தென்னைக்குத் தனியாகக் காப்பீட்டுத் திட்டம் ஒன்று இருப்பதே எனக்குக் கஜாவுக்குப் பிறகுதான் தெரியும். தென்னை வளர்ச்சி வாரியத்தின் திட்டம். பிரீமியம் மரத்தின் வயசைப் பொறுத்து வருஷத்துக்கு 9 ரூபாய், 14 ரூபாய் என்றுதான் வைத்திருந்தார்கள். அதிலும் விவசாயி கட்டவேண்டியது கால் பங்குதான், மீதி அரசுகள் போட்டுக்கொள்ளும். ஈடு 900, 1,750 ரூபாய். ஒரு டீ விலைக்கும் குறைவான காசு. தெரிந்திருந்தால் நின்ற இடத்திலேயே கட்டியிருப்பேன். நெல்லுக்குக் காப்பீடு செய்யச் சொல்லி ஐப்பசியில் மைக் கட்டி ஆட்டோவில் கூவுகிறார்கள். தென்னைக்கு யாரும் கூவிக் கேட்டதில்லை. திட்டம் போடுவது பாதி வேலை. அது வேலி ஓரத்தில் நிற்கிறவன் காதுக்கு வந்து சேர்ந்தால்தான் முழு வேலை.

எல்லாவற்றையும் அரசு தலையில் போட்டுவிட்டு நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாது. எங்கள் தப்பும் நிறைய. தண்ணீர் வடிகிற வாய்க்காலை நாமே மண்ணைப் போட்டுப் பாதை ஆக்கினோம். இறால் குட்டை வெட்டுகிறவன் வடிகாலைத் திருப்பினபோது, நமக்கென்ன என்று இருந்தோம். கரையில் நின்ற பனையை எல்லாம் செங்கல் சூளைக்கு வெட்டி விற்றோம். கஜாவில் தென்னை படுத்த இடத்தில் பனை நின்றதை எல்லோரும் கண்ணால் பார்த்தோம், பார்த்தும் எத்தனை பேர் பனங்கொட்டை ஊன்றினோம்? நான் வேலியில் நாற்பது ஊன்றினேன், முளைத்தது இருபத்தெட்டு. அது வளர்ந்து காற்றைத் தடுக்கும்போது நான் இருக்கமாட்டேன். பரவாயில்லை, அப்பா வைத்த தென்னையில் நான் சாப்பிட்டேனே.

வேதாரண்யம் உப்பளத்து ஆட்களைப் பாருங்கள். வருஷாவருஷம் மழைக்கு முன்னால் உப்புக் குவியலை மூடிக் கட்டிவிடுவார்கள். புயல் வருமா வராதா என்று கேட்பதில்லை, மழை காலம் வந்தால் மூடணும், அவ்வளவுதான். புயல் தயாரிப்பும் அப்படி ஆகணும். அது புயலுக்குப் பேர் வைத்த பிறகு ஆரம்பிக்கிற வேலை இல்லை, புரட்டாசியில் ஆரம்பிக்கிற வேலை. வடிகால் வாய்க்கால், வேதாரண்யம் கால்வாய், மானங்கொண்டான் ஆறு, இதிலெல்லாம் ஆகாயத்தாமரை அடைத்துக் கிடந்தால் புயல் தேவையே இல்லை, நாலு நாள் மழையே பயிரை அழுக வைத்துவிடும். கடல் ஏறியிருக்கிற நேரத்தில் ஆற்றுத் தண்ணீர் கடலுக்குள் போகாது, வயலில்தான் நிற்கும். 2020 டிசம்பரில் புரெவி புயல் கரைக்கு வராமலே வலுவிழந்தது. "அப்பாடா" என்றார்கள். ஆனால் அதோடு வந்த மழை டெல்டாவில் சம்பாவை மூழ்கடித்தது. காற்றை மட்டும் புயல் என்று எண்ணுகிறவர்களுக்கு அது புயல் இல்லை, எங்களுக்கு அதுவும் புயல்தான். நூறு நாள் வேலையில் இந்த வாய்க்கால்களை ஆவணி, புரட்டாசியில் முடித்தால் அதே கூலிக்கு ஆயிரம் ஏக்கர் பிழைக்கும். ஐப்பசியில் தண்ணீர் வந்த பிறகு மண்வெட்டியோடு போனால் போட்டோதான் எடுக்கலாம்.

மாட்டுக்கும் ஒரு இடம் வேண்டும். சுனாமிக்குப் பிறகு எங்கள் கடற்கரை ஓரத்தில் நல்ல உறுதியான பாதுகாப்பு மையங்கள் கட்டினார்கள். மனுஷனுக்கு இடம் இருக்கு. ஆனால் கிராமத்தில் மனுஷன் தனி, மாடு தனி இல்லை. அம்மா மாதிரி ஆயிரம் பேர் மாட்டை விட்டுவிட்டு வரமாட்டார்கள். அவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று சொல்வதைவிட, மையத்துக்குப் பக்கத்தில் மேடாக ஒரு இடம், நாலு தூண், ஒரு கூரை போட்டால் அவர்களே மாட்டைப் பிடித்துக்கொண்டு முதல் ஆளாக வந்துவிடுவார்கள்.

"கார்த்திகைக்கு மேல் மழையில்லை, கர்ணனுக்கு மேல் கொடையில்லை" என்று பழமொழி உண்டு. கார்த்திகை தீபம் முடிந்தால் எங்களுக்கு மனசு லேசாகிவிடும். அதையும் முழுசா நம்ப முடியாது. தனுஷ்கோடி அழிந்தது 1964 டிசம்பர் 22 ராத்திரி. கடலூரைத் தானே புயல் அடித்துப் பலாவையும் முந்திரியையும் சாய்த்தது 2011 டிசம்பர் 30. ரெண்டும் மார்கழி. அதனால் பொங்கல் பானை வைக்கிற வரைக்கும் வானத்தை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருக்கணும்.

கடைசியாக உங்களிடம் ஒன்று. ஒவ்வொரு வருஷமும் புயல் உங்கள் நகரத்துக்கு வராமல் போனால் போனில் ஒரு பேச்சு சுற்றுகிறது. "புயல் ஏமாத்திருச்சு", "லீவு விட்டும் வெயில் அடிக்குது", வானிலை அதிகாரிக்குக் கேலி. அது உங்களை விட்டுவிட்டு வேறு எங்கேயோ போயிருக்கும், அங்கே யாரோ ஒருத்தன் மாட்டுக் கொட்டகையைத் தோண்டிக்கொண்டிருப்பான். 2024-இல் எங்களை விட்ட ஃபெஞ்சல், மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் கொட்டியது. என் தெருவில் வெயில் அடித்த நேரத்தில் அங்கே ஊர் தண்ணீரில் நின்றது. கேலி செய்தால் என்ன ஆகும் என்றால், அடுத்த முறை எச்சரிக்கை கொடுக்கிறவர் தயங்குவார், கேட்கிறவனும் நம்பமாட்டான். 2018-இல் வேலி ஓரத்தில் நின்று நான் நம்பாத மாதிரி. வராத புயலுக்கு நன்றி சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

உங்களுக்கு ஓட்டு இருக்கு, பேச வாய் இருக்கு, உங்கள் பேச்சு சீக்கிரம் மேலே போய்ச் சேருகிறது. புயல் முடிந்த பிறகு நீங்கள் அனுப்பிய அரிசியும் பாயும் போர்வையும் எங்கள் தெருவுக்கு வந்தது, அதை நாங்கள் மறக்கவில்லை. அதே மனசோடு புயலுக்கு முன்னாலும் ஒரு தடவை கேளுங்கள். வாய்க்கால் தூர்வாரியாச்சா, மரம் கழிக்க ஆள் இருக்கா, மாட்டுக்கு இடம் இருக்கா என்று.

பெரியப்பா மூன்று வருஷம் முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய இருபத்தைந்து மரம் இன்னும் நிற்கிறது. இது புரட்டாசி கடைசி வாரம். நேற்று மரம் ஏறுகிற தம்பியைக் கூப்பிட்டு 500 ரூபாய் கொடுத்தேன். எச்சரிக்கை வந்தால் முதலில் என் வீட்டுக்கு வரணும் என்று பேச்சு. "புயலுக்கு அட்வான்ஸ் வாங்குன முத ஆளு நான்தான்ணே" என்று சிரித்தான்.

"வரலைன்னா திருப்பிக் கொடுக்கணுமா?" என்று கேட்டான்.

"வேணாம். வரலைன்னா அதை வச்சு உன் பிள்ளைங்களுக்கு மிட்டாய் வாங்கிக் கொடு" என்றேன். அந்தப் புதுப் பாளை விட்ட 45 பிள்ளையும் நிற்கும் என்றால், 500 ரூபாய் எனக்குப் பெரிசு இல்லை.